செவுத்துக்குள்ள ஓடுற வயரு எங்க போகணும், எங்க போகவே கூடாது

ஒரு ஆணிக் கதைலேருந்து ஆரம்பிக்கிறேன். நான் வயரிங் வேலைக்கு கையாளா போன புதுசு, கும்பகோணம் பக்கம் ஒரு வீடு. ஹால் போர்டுலேருந்து பூஜை ரூம் பல்பு பாயிண்டுக்கு வயரு ஓடுற பைப்பு போகணும். போர்டுலேருந்து நேரா சீலிங் வரைக்கும் ஏத்தி, சீலிங்க ஒட்டியே கொண்டுபோயி, பாயிண்டுக்கு மேல வந்ததும் இறக்குனா ரெண்டு பெண்டும் கூடுதலா ஒரு துண்டு பைப்பும் ஆகும். சாயங்காலம் ஆயிடுச்சு, தொழில் கத்துக்குடுத்த அண்ணன் "குறுக்க போட்டுருடா, யாரு பாக்கப் போறா"ன்னுட்டாரு, நானும் கோணலா ஒரு கோட்டப் போட்டு உளிய வச்சு வெட்டிட்டேன். பூசி வெள்ளையடிச்சதும் ஒண்ணும் தெரியல. மூணு வருஷம் கழிச்சு ஐப்பசி மழைல அந்த வீட்டு அக்கா போன் பண்றாங்க, "தம்பி, முருகன் படத்த ஈரத்துணியால தொடைச்சேன், கைய சுர்ருன்னு இழுக்குது"ன்னு.

போயி ஆணியில டெஸ்டர வச்சேன், பளிச்சுன்னு எரியுது. ஆணி பைப்ப கிழிச்சுக்கிட்டுப் போயி கரண்ட்டு வர்ற ஃபேஸ் வயர தொட்டுக்கிட்டு உக்காந்துருக்கு. கரண்ட்டு அளவுக்கு மேல போனா தானா விழுற எம்சிபி விழல, ஃபியூஸ் போகல, பல்பு எப்பவும் போல எரியுது. படத்துக்குப் பித்தளை ஃபிரேம் வேற. செவுரு காஞ்சு கெடந்த வரைக்கும், கால்ல செருப்பு இருந்த வரைக்கும் யாருக்கும் தெரியல, மழை ஊறி தரையும் துணியும் ஈரமானதும்தான் வெளில வந்துச்சு. நான் வெட்டுன காடி அது, பைப்ப பதிக்க செவுத்துல வெட்டுற பள்ளத்தத்தான் காடிங்கறோம். அன்னைலேருந்து குறுக்கா ஒரு பைப்பு நான் போட்டதில்ல, போட விட்டதும் இல்ல.

இத எழுதுறது வீடு கட்டிக்கிட்டு இருக்கவங்களுக்கும், கட்டுன வீட்டுல ட்ரில் மிஷினை எடுத்துக்கிட்டு நிக்கிறவங்களுக்கும். வயரிங்க நீங்களே செய்யணும்னு சொல்லல, அதுக்கு சர்டிபிகேட் வச்சிருக்குற கம்பியாளர் இருக்காங்க. ஆனா பைப்பு எந்த வழியா போகுதுன்னு பக்கத்துல நின்னு பாக்க வேண்டியது வீட்டுக்காரரோட வேலை, ஏன்னா எலக்ட்ரீஷியன் ரெண்டு வாரத்துல போயிருவாரு, அந்த செவுத்துல அடுத்த முப்பது வருஷம் ஆணி அடிக்கப்போறது நீங்க.

கண்ணுக்குத் தெரியுற பொருளுக்கு நேர் மேலயோ நேர் கீழயோ

பாதுகாப்புல முக்காவாசி இந்த ஒரு வரிதான். சுவிட்ச் போர்டு, பிளக் பாயிண்ட், டியூப்லைட், ஏசி பாயிண்ட்டுன்னு வெளில தெரியுற ஏதோ ஒண்ணுலேருந்து பைப்பு தூக்குக்குண்டு விட்ட மாதிரி செங்குத்தா மேல போகணும், இல்லாட்டி செங்குத்தா கீழ வரணும். பக்கவாட்டுல போயே ஆகணும்னா சீலிங்லேருந்து அரை அடிக்குள்ள போகலாம், அந்த உசரத்துல யாரும் படம் மாட்ட மாட்டாங்க. இல்லன்னா ஒரே மட்டத்துல இருக்குற ரெண்டு பிளக்குக்கு நடுவுல போகலாம், கிச்சன் மேடைக்கு மேல மிக்ஸி பிளக்குலேருந்து கிரைண்டர் பிளக்குக்கு போற மாதிரி, ரெண்டு முனையும் கண்ணுல தெரியுறதால நடுவுல என்னமோ ஓடுதுன்னு பாக்குறவனுக்கே புத்தி வரும். இது ரெண்டும் இல்லாம செவுத்துக்கு நடுவுல தன்னிஷ்டத்துக்கு ஓடுற எந்த பைப்பும் என்னைக்கோ ஒருநாள் துளை வாங்கும்.

இது நானா சொல்ற கணக்கு மட்டும் இல்ல. இங்கிலாந்து வயரிங் ரூல் பிஎஸ் 7671ல இத கிட்டத்தட்ட இதே மாதிரி எழுதியே வச்சிருக்காங்க: சீலிங்லேருந்து 150 எம்எம்முக்குள்ள, ரெண்டு செவுரு சேர்ற மூலைலேருந்து 150 எம்எம்முக்குள்ள, அப்புறம் சுவிட்ச், சாக்கெட்டுக்கு நேரா மேல கீழ பக்கவாட்டுல. 50 எம்எம் ஆழத்துக்குள்ள ஓடுற வயருன்னா இந்த வழிலதான் ஓடணும், இல்லாட்டி எர்த் ஆன இரும்புக் கவசமோ குழாயோ இருக்கணும்ங்கறது அந்த ரூலோட சாரம்.

ஆனா மூலை விஷயத்த நம்ம ஊருக்கு அப்படியே எடுத்துக்காதீங்க. இங்க கான்கிரீட் தூணும் பீமும் பாரம் தாங்குற ஃபிரேம் கட்டடத்துல மூலைல நிக்கிறது காலம், அதாவது அந்தத் தூண். காலத்தையும் பீமையும் காடி எடுக்க விடவே கூடாது, கம்பிய மூடியிருக்குற கான்கிரீட்டு போச்சுன்னா கம்பி துருப்பிடிக்கும். எலக்ட்ரீஷியன் பயலுக கட்டிங் மிஷின கைல குடுத்தா எது செங்கல் எது காலம்னு பாக்க மாட்டானுக (நானும் அப்படித்தான் இருந்தேன்), வீட்டுக்காரர்தான் சாக்பீஸால காலத்து மேல ஒரு பெருக்கல் குறி போட்டு வைக்கணும்.

ஆழமா வச்சுட்டா ஆணி படாதுல்லன்னு சில பேர் கேப்பாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. பைப்புக்கு மேல கலவையும் பூச்சும் சேந்தே ஒரு இன்ச்சுதான் வரும். ஸ்க்ரூ பிடிக்க செவுத்துல சொருகுற ஒரு சாதாரண ரால் பிளக்குக்கு ஒன்றரை இன்ச் துளை போடுறோம், டிவி ஸ்டாண்டுக்கும் ஹீட்டருக்கும் அதவிட ஆழம். அப்ப ஆழம் எங்க காப்பாத்தப் போகுது. பைப்பு இருக்குற இடத்த நாளைக்கு வர்ற கார்பென்ட்டரு ஊகிக்க முடியணும், அது ஒண்ணுதான் காப்பாத்தும்.

எந்த இடத்துல ஆணி வரும்னு முதல்லயே யோசிங்க

எலக்ட்ரீஷியன் மார்க் பண்ண வர்றதுக்கு முன்னாடி வீட்டுல இருக்குற பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டு ஒவ்வொரு ரூமா சுத்துங்க, எங்க என்ன மாட்டுவோம்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

ஜன்னல். ஸ்கிரீன் ராடு மாட்டுற பிராக்கெட்டு ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் நாலஞ்சு இன்ச்சு தள்ளி, லிண்டலுக்குக் கொஞ்சம் மேல வரும். ஜன்னல ஒட்டுன மாதிரி பைப்ப இறக்குனா ராடு மாட்டுறவன் கரெக்டா அதுலதான் துளை போடுவான், குறைஞ்சது ஒரு அடியாவது தள்ளி இறக்கச் சொல்லுங்க. நிலைக்கும் இதே கதை, வாசக்கால பிடிச்சிருக்குற ஹோல்ட்ஃபாஸ்ட்டு இரும்பு செவுத்துக்குள்ள போயிருக்கும், மேல தோரண ஆணி வேற, அதனால சுவிட்ச் பாக்ஸ நிலைலேருந்து அரை அடியாவது விட்டு வைங்க.

டிவி செவுரு இருக்கே, அதுதான் எனக்கு அதிகமா போன் வர்ற செவுரு. கீழ ஒரு பாக்ஸு, டிவிக்குப் பின்னாடி மேல ஒரு பாக்ஸு, ரெண்டையும் சேத்து நடுவுல ஒரு பைப்பு. டிவி ஸ்டாண்டு ஸ்க்ரூவும் அதே நடுவுலதான் வரும்! டிவிக்கு நடு எதுன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு, பாக்ஸ ரெண்டையும் அந்த நடுவுலேருந்து ஒரு அடி ஒதுக்கி ஒரே நேர்கோட்டுல வச்சுருங்க, டிவி மறைச்சிரும், ஸ்க்ரூவுக்கும் இடம் கெடைக்கும்.

ஏசிக்கு நிறைய வீட்டுல பாயிண்ட்ட உள் யூனிட்டு வர்ற இடத்துக்கு நேர் பின்னாடி வச்சிருப்பாங்க, தகடு மாட்ட ஆறு எட்டு துளை போடுவான், அதுபோக காப்பர் பைப்பு வெளில போறதுக்கு ரெண்டரை இன்ச்சுல செவுத்தையே ஓட்டை போட்டுருவான். பாயிண்ட்டு யூனிட்டுக்கு பக்கத்துல இருக்கட்டும், காப்பர் பைப்பு எந்தப் பக்கமா வெளியேறுமோ அதுக்கு எதிர்ப் பக்கமா இருக்கட்டும்.

கிச்சன்ல மாடுலர் போட வர்றவன் மேல் அலமாரிய தொங்க விடுறதுக்கு நீளமா ஒரு வரிசை ஸ்க்ரூ போடுவான், மேடைக்கு மேல ரெண்டடிலேருந்து நாலரை அடி வரைக்கும் அந்த செவுரு அவனோடது. அந்த உசரத்துல பக்கவாட்டுல ஒரு பைப்பும் ஓடக் கூடாது. சிம்னி பாயிண்ட்டுக்கு மேலேருந்து நேரா இறக்கிக்கோங்க. அடுப்புக்கு நேர் பின்னாடி செவுத்துல வயரே வேணாம், சூடும் எண்ணெயும் பாடா படுத்தும்.

பாத்ரூம்ல எதிரி ட்ரில்லு மட்டும் இல்ல, பிளம்பரும்தான். ஷவருக்கும் குழாய்க்கும் தண்ணிய மாத்தி விடுற டைவர்ட்டர் இருக்குற செவுத்துல வெந்நீர் பைப்பு, தண்ணி பைப்பு எல்லாம் காடிக்குள்ள ஓடும், அந்த செவுத்த மொத்தமா அவருக்கே விட்டுருங்க. ஹீட்டர் பாயிண்ட்டுக்கு சீலிங்லேருந்து நேரா இறக்கி, ஹீட்டருக்குப் பக்கத்துலயே முடிச்சிரணும், அதுக்குக் கீழ ஒரு இன்ச்சு கூட வயரு வரக் கூடாது. சுவிட்சு பாத்ரூமுக்கு வெளில. இன்னொண்ணு, இது நிறைய பேருக்குத் தோணாது: பாத்ரூம் செவுரு பெரும்பாலும் நாலரை இன்ச்சு செவுரு, அதுக்கு அந்தப் பக்கம் பெட்ரூம். பெட்ரூம் பக்கத்துல காடி வெட்டி வச்ச பைப்புல, பாத்ரூம் பக்கத்துலேருந்து டவல் ராடுக்கு போட்ட துளை போயி முட்டுன கேஸ நானே பாத்திருக்கேன், டைல்ஸுல நிக்கிறவனுக்கு அந்தப் பக்கம் போர்டு இருக்குறது எங்க தெரியும். மெல்லிசு செவுருன்னா ரெண்டு பக்கத்தையும் ஒரே செவுரா நெனச்சு மார்க் பண்ணுங்க.

காடி வெட்டுறப்ப

மார்க் பண்றப்ப உசரத்த எல்லாம் தரைலேருந்து அளக்காதீங்க, டைல்ஸ் போட்டதும் தரை மூணு இன்ச்சு ஏறிரும். தண்ணி நிரப்புன டியூப் மட்டத்த வச்சு வீடு முழுக்க ஒரே மட்டத்துல கோடு போட்டுக்கிட்டு அங்கேருந்து மேல கீழ அளந்தாத்தான் எல்லா ரூம்லயும் போர்டு ஒரே உசரத்துல உக்காரும். பைப்பு போற கோட்டுக்கு தூக்குக்குண்டு விட்டு சாக்பீஸ் நூல் அடிங்க. கண்ணால நேரா இருக்குன்னு வெட்டுனா பத்தடில மூணு நாலு இன்ச்சு சாஞ்சுரும், நாளைக்கு போர்டுக்கு நேர் மேல இருக்கும்னு நம்பி ஒதுங்கி துளை போடுறவனுக்கு அந்த நாலு இன்ச்சுதான் வில்லன்.

ஆழத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. செங்கல் சுவர் கட்டுறதுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 1905ல, பாரம் தாங்குற செவுத்துல செங்குத்து காடி செவுத்து கனத்துல மூணுல ஒரு பங்கு, படுக்கை காடி ஆறுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாதுன்னு இருக்கு. ஒம்போது இன்ச்சு செவுருன்னா செங்குத்துல மூணு இன்ச்சு, படுக்கைல ஒன்றரை இன்ச்சு, தாராளம். நாலரை இன்ச்சுன்னா செங்குத்துல ஒன்றரை, படுக்கைல முக்கா இன்ச்சு, அதாவது 19 எம்எம், 20 எம்எம் பைப்பே அதுல உக்காராது. ஃபிரேம் கட்டடத்துல நாலரை இன்ச்சு செவுரு பாரம் தாங்கலன்னாலும் நான் இந்தக் கணக்கையே வச்சுக்குவேன், நாலரை இன்ச்சு செவுத்துல நீளமா படுக்கைக் காடி எடுத்தா அந்தக் கோட்டுலயே பிளக்கும். ரெண்டு பக்கத்துலயும் எதிரெதிரா ஒரே இடத்துல பாக்ஸு குடையுறதும் அப்படித்தான், ஒரு தட்டுல அந்தப் பக்கம் தெரியும். ஒரு அடி தள்ளி வைக்கச் சொல்லுங்க.

உளி சுத்தியல விட கட்டிங் மிஷினால ரெண்டு கோடு இழுத்துட்டு நடுவ தட்டி எடுக்குறது நல்லது, செவுரு அதிராது. ஹாலோ பிளாக் செவுருல நல்லா பாத்து வெட்டணும், உள்ள காலியா இருக்குறதால பொத்துனு உடைஞ்சு காடி குகையா ஆயிரும்.

பைப்பு ஐஎஸ்ஐ முத்திரை இருக்குற மீடியம் கனமாவது வாங்குங்க, மெலிசு பைப்பு காடில வச்சு கலவைய அடிக்கும்போதே நசுங்கும். ஒரு பாக்ஸுக்கும் அடுத்த பாக்ஸுக்கும் நடுவுல ரெண்டு பெண்டுக்கு மேல வேணாம், அதுவும் லாங் பெண்டு. குட்டை எல்போ போட்டா பின்னாடி வயர இழுக்க முடியாது, இழுக்க முடியாத பைப்பும் பைப்பே போடாம புதைச்ச வயரும் ஒண்ணுதான். ஜாயிண்ட்டுக்கு சொல்யூஷன் தடவியே ஆகணும், சும்மா சொருகி விட்டா சிமெண்ட் பால் உள்ள எறங்கி அடைச்சுக்கும்.

பைப்ப காடில நிக்க வைக்க ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சு மடக்குவாங்க. அந்த ஆணி பைப்புல படக் கூடாது. அப்புறம் கோழி வலை. காடிய ஒண்ணுக்கு நாலு கலவைல அடைச்சு, தண்ணி காட்டி, அதுக்கு மேல கோழி வலை வச்சுப் பூசுனாத்தான் விரிசல் வராது, அது சரி. ஆனா வலைய பிடிக்க கொத்தனார் அடிக்கிற ஆணி இருக்கே, அவருக்கு பைப்பு எங்க இருக்குன்னு கவலை இல்ல, காடிக்கு நேர் நடுவுல ரெண்டு ஆணிய எறக்கிட்டுப் போயிருவாரு. வெளிலேருந்து வந்த எந்த ட்ரில்லும் இல்லாம, வீடு குடி போறதுக்கு முன்னாடியே ஓட்டையான பைப்ப இப்படித்தான் பாத்தேன். வலை ஆணி காடிக்கு வெளில, ரெண்டு ஓரத்துலயும் அடிக்கணும்னு அவர்கிட்ட வாயால சொல்லுங்க, பக்கத்துல நில்லுங்க.

வயர் இழுக்குறது பூச்சு முடிஞ்சு நல்லா காஞ்சப்புறம்தான். அதுவரைக்கும் பாக்ஸு வாயில பேப்பரோ தெர்மகோலோ திணிச்சு வைங்க.

ஸ்லாப்பு வேற கதை

மேல சொன்ன நேர்கோட்டு சட்டம் எல்லாம் செவுத்துக்கு. ஸ்லாப்புல யாரும் நேரா போடுறது இல்ல, ஃபேன் பாக்ஸுலேருந்து செவுத்துக்கு எது கிட்டயோ அப்படியே சாய்ச்சு போட்டு கம்பியோட கட்டிருவாங்க, கான்கிரீட் போடுற அவசரத்துல அதத் தடுக்கவும் முடியாது. அடிக்கம்பிக்கு மேல பைப்பு கெடக்குறதால சீலிங்லேருந்து ஒன்றரை இன்ச்சு வரைக்கும் ஓரளவு இடம் இருக்கும், ஆனா சென்ட்ரிங் மேல ஆளு நடந்து மிதிச்ச இடத்துல அதுவும் இருக்காது. அஞ்சு வருஷம் கழிச்சு ஃபால்ஸ் சீலிங் போட வர்றவன் ஒரு ரூமுல முப்பது நாப்பது துளை போடுவான். அதனால கம்பி கட்டி பைப்பு போட்டு முடிச்ச அன்னைக்கு, கான்கிரீட் வண்டி வர்றதுக்கு முன்னாடி மேல ஏறி போட்டோ எடுத்தே ஆகணும். ஃபால்ஸ் சீலிங்காரன்கிட்ட பிட்டுல ஒரு இன்ச்சுக்கு மேல போகாத மாதிரி இன்சுலேஷன் டேப்ப சுத்திக்கச் சொல்லுங்க.

பைப்புக்கு உள்ள

இதுல ரொம்ப நீட்ட விரும்பல. பைப்புக்குள்ள வயர் ஜாயிண்ட் வரவே கூடாது, ஜாயிண்ட்டு எல்லாம் திறந்து பாக்குற மாதிரி பாக்ஸுல மட்டும்தான். பைப்புக்கு உள்ள பாதிக்கு மேல காலியா இருக்கணும், இல்லாட்டி சூடு ஏறும், இழுக்குறப்ப தோலும் உரியும். லைட்டு ஃபேனுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசி ஹீட்டருக்கு 4 சதுர எம்எம்னு நான் போடுவேன். சிவப்பு மஞ்சள் நீலம் ஃபேஸு, கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த்து, கைல கெடச்ச கலர இழுக்குற பழக்கத்துக்கு விடாதீங்க. இன்டர்நெட், டிவி கேபிளு தனி பைப்பு.

கரண்ட்டு கசிஞ்சா வெட்டுற ஆர்சிசிபி பத்தி மட்டும் கொஞ்சம் நின்னு சொல்றேன். ஆணி ஃபேஸ தொட்டா எம்சிபி ஏன் விழலன்னு அந்த அக்கா கேட்டாங்க. 10 ஆம்ப் எம்சிபிக்கு 10 ஆம்ப்புக்கு மேல போனாத்தான் உறைக்கும். ஆள் உடம்பு வழியா போறது அதுல நூறுல ஒரு பங்கு ரெண்டு பங்குதான், அதுவே ஆள முடிக்கப் போதும், எம்சிபி கண்ணுல அது படவே படாது. 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபிங்கறது ஃபேஸ்ல போனதும் நியூட்ரல்ல திரும்பி வந்ததும் சமமான்னு பாத்துக்கிட்டே இருக்கும், 30 மில்லி ஆம்ப் எங்கயோ வழி தவறுனா கண்ண சிமிட்டுறதுக்குள்ள வெட்டிரும். அந்த வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு, அடிக்கடி விழுதுன்னு யாரோ அத ஓரங்கட்டி நேரா வயர குடுத்துட்டுப் போயிருக்காங்க. அது அடிக்கடி விழுறதுக்கு பாதி காரணம் ரெண்டு சர்க்யூட்டோட நியூட்ரல கலந்து விட்டுருப்பாங்க, இன்வெர்ட்டர் லைன்ல இது சர்வசாதாரணம், மீதி பாதி காரணம் நெசமாவே எங்கயோ கசியுது. ரெண்டையும் தேடிப் புடிக்கணும், அத கழட்டக் கூடாது. மாசம் ஒருதடவ அதுல இருக்குற டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாருங்க, டப்புன்னு விழணும்.

வேலை முடிஞ்சதும் வயரு தோல சோதிக்கிற 500 வோல்ட்டு மெக்கர் மிஷின வச்சு ஒவ்வொரு லைனா பாக்கச் சொல்லிக் கேளுங்க. 1 மெகா ஓமுக்குக் கீழ வந்தா எங்கயோ வயரு தோல் கிழிஞ்சிருக்கு, புது வயருல அதவிட ரொம்ப மேல காட்டணும். மெக்கர் இல்லன்னு சொல்றவர்கிட்ட மீதிப் பணத்த குடுக்காதீங்க.

போட்டோ

பூச்சுக்கு முன்னாடி, பைப்பு பாக்ஸு எல்லாம் வச்சு முடிச்ச அன்னைக்கு சாயங்காலம் வெளிச்சம் இருக்குறப்பவே எடுங்க, மறுநாள் காலைல கொத்தனார் வந்தா போச்சு. ஒவ்வொரு செவுத்துலயும் சாக்பீஸால "ஹால், கெழக்கு செவுரு"ன்னு எழுதிட்டு முழு செவுரும் வர்ற மாதிரி நேரா நின்னு ஒண்ணு, அப்புறம் டேப்ப விரிச்சு மூலைலேருந்து பைப்பு எவ்வளவு தூரம்னு தெரியுற மாதிரி கிட்ட ஒண்ணு. டேப்பு இல்லாத போட்டோவால ஒரு பிரயோஜனமும் இல்ல, அஞ்சு வருஷம் கழிச்சு பூசுன செவுத்துக்கு முன்னாடி நின்னு எந்த செங்கல்னு எண்ணவா போறீங்க. மூலைலேருந்து அளக்குறப்ப பக்கத்து செவுத்துக்கும் முக்கா இன்ச்சு பூச்சு வரும்ங்கறத கழிச்சுக்கணும். போன்ல மட்டும் வச்சா போன் மாறுறப்ப போயிரும், பிரிண்ட் போட்டு ஒரு கவர்ல வச்சு டிபி (எம்சிபி எல்லாம் இருக்குற பெட்டி) கதவுக்கு உள்பக்கமோ வீட்டுப் பத்திரத்தோடயோ வைங்க.

கட்டுன வீடு, கைல ட்ரில்லு, போட்டோ இல்ல

வாடகை வீடோ பழைய ஃபிளாட்டோ, நிறைய பேரு இந்த நிலைமைதான். நான் செய்றத சொல்றேன். முதல்ல அந்த செவுத்துல, அதுக்கு மேல, அதுக்கு அந்தப் பக்கம்னு மூணையும் பாப்பேன், எங்கெல்லாம் சுவிட்சு லைட்டு பிளக்கு இருக்கோ அதுலேருந்து மேல கீழ ஒரு பட்டைய மனசுல ஓட்டி, ரெண்டு பக்கமும் அரை அடி விட்டுருவேன். அப்புறம் மெயின ஆஃப் பண்ணிட்டு பக்கத்து போர்டோட மேல் பிளேட்ட கழட்டி உள்ள எட்டிப் பாப்பேன், இதுக்கு எந்த மிஷினும் வேணாம். பாக்ஸுக்குள்ள பைப்பு எந்தப் பக்கத்து ஓட்டை வழியா வருதுன்னு தெரியும். மேலேருந்து மட்டும் வந்தா நிம்மதி. பக்கவாட்டுலேருந்து ஒரு பைப்பு வந்துச்சுன்னா அந்த மட்டத்துல அந்தத் திசைல முழுக்க சந்தேகம்தான். பைப்பு வாய் சாய்வா தெரிஞ்சா, அந்த வீட்டுலயும் என்ன மாதிரி ஒரு பய குறுக்க போட்டுட்டான்னு அர்த்தம், அந்த செவுத்துல பசை கொக்கிய ஒட்டிட்டு வேலைய பாருங்க.

வயர் டிடெக்டர் மிஷினு கெடைக்குது, வாங்கலாம், ஆனா கரண்ட்டு ஓடாத வயர சில மிஷினு காட்டாது, ஈர செவுத்துல எல்லா இடத்துலயும் கத்தும். வைக்கிறதுக்கு முன்னாடி அந்த ரூம் லைட்டு ஃபேன் எல்லாத்தையும் போட்டுட்டு, பைப்பு கண்டிப்பா இருக்குன்னு தெரிஞ்ச இடத்துல, அதாவது போர்டுக்கு நேர் மேல வச்சுப் பாத்து அது கத்துதான்னு உறுதி பண்ணிக்கோங்க. துளை போடுறப்ப அந்த ரூம் எம்சிபிய ஆஃப் பண்ணிட்டு, ட்ரில்லுக்கு அடுத்த ரூம்லேருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துக்கோங்க. முதல் ஒரு இன்ச்சுக்கு ஹேமர் வேகத்த குறைச்சு மெதுவா. செங்கல் பொடி சிவப்பா வரணும், சிமெண்டு சாம்பலா வரணும். வெள்ளையாவோ கறுப்பாவோ பிளாஸ்டிக் சுருள் வந்துச்சுன்னா நிறுத்துங்க, அது பைப்பு.

பட்டுருச்சுன்னா ரால் பிளக்க அடிச்சு மறைக்காதீங்க, நிறைய பேர் அதத்தான் செய்றாங்க.  டெஸ்டர முதல்ல கரண்ட்டு இருக்குற இடத்துல வச்சு எரியுதான்னு பாத்துட்டு மெயின ஆஃப் பண்ணி, அப்புறம் துளைக்கிட்ட பாக்கணும், செத்த டெஸ்டர நம்பி கைய வச்சவங்க உண்டு. அதுக்கு மேல எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க. அவரு வந்து அந்த இடத்த நாலு இன்ச்சு குடைஞ்சு வயருக்கு டேப்ப சுத்தி பூசி மூடுனா ஒத்துக்காதீங்க. அடிபட்ட வயர பாக்ஸுலேருந்து பாக்ஸு வரைக்கும் முழுசா உருவிட்டு, பழைய வயரு முனைலயே புதுச கட்டி இழுத்துறலாம், பைப்பு ஒழுங்கா போட்டிருந்தா அரை மணி நேர வேலை. உருவ வரலன்னா அடிபட்ட இடத்துலயே ஒரு பாக்ஸ பதிச்சு ஜாயிண்ட்ட அதுக்குள்ள கனெக்டர் போட்டு முடிச்சு, மேல ஒரு வெத்து பிளேட்ட போட்டு விடணும். பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், வெத்து செவுத்துல எதுக்கு ஒரு பிளேட்டுன்னு வர்றவங்க கேப்பாங்க.

கும்பகோணத்து வீட்டுல அந்த முருகன் படத்துக்குக் கீழ இப்ப அப்படி ஒரு பிளேட்டு இருக்கு, உள்ள ஜாயிண்ட்டு இல்ல, குடைஞ்ச இடத்த மூடுனது. குறுக்கு பைப்ப அப்படியே விட்டுட்டு, சீலிங் வழியா புது பைப்பு போட்டு, பழசுல இருந்த வயர உருவி எடுத்துட்டேன். கூலி வாங்கல.